ஆதாயம் ஏட்டில் இருக்கிறது. பணம் எங்கே இருக்கிறது?
தொழிலின் நிலையை வாரந்தோறும் காட்டும் நிதிநிலைப் பலகை

ஆண்டுக் கணக்கு முடிந்து, தணிக்கையாளர் அறிக்கையைக் கையில் கொடுக்கிறார். "சென்ற ஆண்டைவிட ஆதாயம் கூடியிருக்கிறது" என்கிறார். தொழில் நடத்துபவருக்கு மகிழ்ச்சி வருவதற்கு முன் ஐயம் வருகிறது. "அப்படியானால் அந்தப் பணம் எங்கே? சென்ற மாதம் சம்பளம் கொடுக்கவே நான் நகையை அடகு வைத்தேனே!"

சிறுதொழில் வாடிக்கையாளர்களோடு பழகும் எந்தக் கிளை மேலாளரும் இந்தக் கேள்வியைப் பலமுறை கேட்டிருப்பார். அறிக்கை தவறில்லை. கேட்டவரும் தவறாகக் கேட்கவில்லை. ஆதாயமும் கையிருப்பும் வெவ்வேறு கணக்குகள். அவற்றுள் ஒன்றை மட்டுமே ஆண்டுக்கு ஒருமுறை பார்த்துவந்ததுதான் குறை.

வரித் தணிக்கைக்கு உட்பட்ட நிறுவனம் ஒன்றின் ஆண்டுக் கணக்கு, நிதியாண்டு முடிந்து செப்டம்பர் மாத இறுதிக்குள் தணிக்கை முடிந்து கைக்கு வருவது வழக்கம். ஏப்ரல் மாதத்தில் நேர்ந்த ஒரு சறுக்கல், அடுத்த ஆண்டு செப்டம்பரில், ஏறத்தாழ 17 மாதங்கள் கழித்து, ஓர் எண்ணாகத் தெரியவரும். அதற்குள் அந்தச் சறுக்கல் வேறு பலவற்றையும் இழுத்துக்கொண்டு போயிருக்கும். இந்த இடைவெளியைக் குறைப்பதற்காக உள்ள கருவியே 'டாஷ்போர்டு' என்று வழங்கும் நிதிநிலைப் பலகை.

பலகையின் பழைய வரலாறு

இந்தச் சொல் கணினியோடு பிறந்ததன்று. குதிரை பூட்டிய வண்டிகளில், குளம்படியில் தெறிக்கும் சேறு வண்டியோட்டியின் மேல் படாமலிருக்க முன்புறம் பொருத்தப்பட்ட தடுப்புப் பலகைக்குத்தான் முதலில் அப்பெயர். பின்னர் மோட்டார் வண்டி வந்தபோது, ஓட்டுநரின் கண்ணெதிரே இருந்த அதே இடத்தில் வேகமானியும் எரிபொருள் அளவியும் அமர்ந்தன. அங்கிருந்து அச்சொல் வணிகத்துக்கு வந்தது.

சொல் புதிதென்றாலும் செயல் நம் நாட்டுக்குப் புதிதன்று. குஜராத்தில் தீபாவளியன்று வணிகர்கள் புதிய கணக்கேட்டை வைத்து 'சோப்டா பூஜை' செய்வது இன்றும் தொடர்கிறது. மார்வாரி வணிகர்களிடையே 'பர்த்தா' என்றொரு கணக்கு முறை இருந்தது. பிர்லா குழுமத்தின் ஆலைகளில் அது பல்லாண்டுகள் கடைப்பிடிக்கப்பட்டது. மூலப்பொருள் விலை, உற்பத்தி அளவு, செலவு ஆகியவற்றைக் கொண்டு அன்றன்று கிடைக்கவேண்டிய ஆதாயத்தை முன்னரே மதிப்பிடுவார்கள். நாள் முடிந்ததும் உண்மையில் கிடைத்ததை அதனோடு ஒப்பிடுவார்கள். வேறுபாடு இருந்தால், பொறுப்பாளர் காரணம் சொல்லவேண்டும். கணினித் திரையும் வண்ணப் படமும் இல்லாத காலத்திலேயே, நல்ல நிதிநிலைப் பலகைக்கு வேண்டிய மூன்றும் அதில் இருந்தன: முன்கூட்டிய எதிர்பார்ப்பு, உண்மை அளவு, வேறுபாட்டுக்கு விடை சொல்லும் ஒருவர்.

ராஜ்கோட்டில் ஒரு பட்டறை: எடுத்துக்காட்டு

எண்களை வைத்துப் பார்த்தால்தான் இது விளங்கும். வார்ப்பாலைகளும் எந்திர உதிரிப்பாகப் பட்டறைகளும் நிறைந்த ராஜ்கோட்டில் சிறு நிறுவனம் ஒன்று இருப்பதாகக் கொள்வோம். இது விளக்கத்துக்காக நாம் அமைத்துக்கொள்ளும் கணக்கு. எளிமைக்காக வரிகளை விலக்கியிருக்கிறோம்.

மாத விற்பனை 40 இலட்சம் ரூபாய். மூலப்பொருள் 22 இலட்சம். கூலி, மின்சாரம், வாடகை, வட்டி முதலிய பிற செலவுகள் 14 இலட்சம். ஆதாயம் 4 இலட்சம். பொருளை வாங்கும் பெருநிறுவனம் 90 நாளில் பணம் தருகிறது. மூலப்பொருள் தருபவருக்கு 30 நாளில் பணம் கொடுக்கவேண்டும். 45 நாளுக்குத் தேவையான மூலப்பொருள் எப்போதும் இருப்பில் இருக்கிறது.

இப்போது பெரிய ஆர்டர் ஒன்று வருகிறது. மாத விற்பனை 60 இலட்சமாகிறது. மூலப்பொருள் 33 இலட்சம், பிற செலவு 18 இலட்சம், ஆதாயம் 9 இலட்சம். ஆதாயம் இரு மடங்குக்கும் மேல்! இனிப்பு வழங்கவேண்டிய நேரம் என்றே யாரும் நினைப்பர்.

முதல் மூன்று மாதங்களில் வங்கிக் கணக்கில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். பணம் 90 நாள் கழித்தே வருவதால், இந்த மூன்று மாதமும் வந்துசேர்வது பழைய விற்பனையின் பணம்தான்: மாதம் 40 வீதம் 120 இலட்சம். செலவோ புதிய அளவில் நடக்கிறது. மூன்று மாதப் பயன்பாட்டுக்கு மூலப்பொருள் 99 இலட்சம். 45 நாள் இருப்பை உயர்த்த மேலும் 16.5 இலட்சம். ஆக, கொள்முதல் 115.5 இலட்சம். அதில் 11 இலட்சத்தைக் கூடுதலாகக் கடன் நிறுத்தலாம் என்பதால், கையிலிருந்து போவது 104.5 இலட்சம். பிற செலவு 54 இலட்சம். மொத்தம் 158.5 இலட்சம்.

வந்தது 120. போனது 158.5. மூன்று மாதத்தில் 27 இலட்சம் ஆதாயம் ஈட்டிய நிறுவனத்தின் கையிருப்பு 38.5 இலட்சம் குறைந்துவிட்டது.

நான்காம் மாதம் முதல் 60 இலட்சம் வரத் தொடங்கும். அதன்பின் மாதம் 9 இலட்சம் வீதம் அந்தப் பள்ளம் நிரம்ப நான்கு மாதங்களுக்கு மேலாகும். அதுவரை தாங்கும் வலிமை இருந்தால் நிறுவனம் வளரும். இல்லையேல், நல்ல ஆர்டரே அதனை வீழ்த்தும். சம்பள நாள் தள்ளிப்போகும். மூலப்பொருள் தருபவர் அடுத்த லாரியை அனுப்பத் தயங்குவார். கடனுக்கு ஈடாக வைத்த வீட்டுப் பத்திரத்தின் நினைவு இரவில் வரும்.

இந்த 38.5 இலட்சம், ஆர்டரை ஏற்கும் நாளிலேயே ஒரு தாளில் கண்டுபிடிக்கக்கூடிய எண். அன்றே தெரிந்திருந்தால் முன்பணம் கேட்கலாம். ஆர்டரைக் கட்டங்கட்டமாக ஏற்கலாம். கூடுதல் நடைமுறை மூலதனக் கடனுக்கு வங்கியை முன்கூட்டியே அணுகலாம். பணம் தீர்ந்தபின் கேட்கும் கடனுக்கும், தீருமுன் கணக்கோடு கேட்கும் கடனுக்கும் வங்கியின் பார்வையில் பெரிய வேறுபாடு உண்டு.

பலகையில் இருக்கவேண்டிய ஆறு அளவீடுகள்

மென்பொருள்கள் நூறு வகைப் படங்களைக் காட்டும். சிறு, குறு நிறுவனத்துக்கு ஆறு அளவீடுகள் போதும்.

1. வரும் 13 வாரங்களின் ரொக்க ஓட்டம். இதுவே முதன்மையானது. ஒரு காலாண்டுக்கு 13 வாரங்கள். ஒவ்வொரு வாரத்துக்கும் தொடக்க இருப்பு, வரக்கூடிய தொகை, போகவேண்டிய தொகை, இறுதி இருப்பு என நான்கு வரிகள். வாரந்தோறும் முடிந்த வாரத்தை நீக்கி, புதிய வாரம் ஒன்றைச் சேர்க்கவேண்டும். வரக்கூடிய தொகையை எழுதும்போது, விலைப்பட்டியலில் உள்ள தவணை நாளைப் பார்க்காதீர்கள். அந்த வாடிக்கையாளர் சென்ற ஆறு மாதங்களில் உண்மையில் எத்தனை நாளில் கொடுத்தார் என்பதைப் பாருங்கள்.

போகவேண்டிய தொகையில் சட்டப்படியான நாள்களை முதலில் குறியுங்கள். மாதந்தோறும் தாக்கல் செய்வோருக்குப் பொதுவாக, மூலத்தில் பிடித்த வரி செலுத்த 7ஆம் நாள், ஜிஎஸ்டிஆர்-1 தாக்கலுக்கு 11ஆம் நாள், வருங்கால வைப்பு நிதிக்கும் தொழிலாளர் ஈட்டுறுதிக்கும் 15ஆம் நாள், ஜிஎஸ்டிஆர்-3பி தாக்கலுக்கும் வரி செலுத்தவும் 20ஆம் நாள். வாங்கியவர் பணம் தந்தாரா இல்லையா என்று 20ஆம் நாள் கேட்பதில்லை. பொருளை விற்றுவிட்டால் வரி கட்டியாகவேண்டும். மேலே கண்ட பட்டறையின் கணக்கில் வரியைச் சேர்த்தால் நெருக்கடி இன்னும் கூடும்.

2. வரவேண்டிய தொகையின் வயது. மொத்தமாக "180 இலட்சம் வரவேண்டியிருக்கிறது" என்பது அரைச் செய்தி. 30 நாளுக்குட்பட்டது, 31 முதல் 45 நாள், 46 முதல் 90 நாள், 90 நாளைக் கடந்தது எனப் பிரித்து எழுதினால்தான் உண்மை தெரியும். சராசரி நாள் மாறாமலிருக்கும்போதே ஒரு பெரிய பில் 90 நாளைத் தாண்டிக்கொண்டிருக்கலாம். விரைவாகக் கொடுக்கும் நல்ல வாடிக்கையாளர்கள் சராசரியைக் கீழே இழுத்து, தாமதிப்பவரை மறைத்துவிடுவர்.

3. இலாப நட்டமில்லாப் புள்ளி. நம் பட்டறையில் விற்பனை 40இலிருந்து 60 இலட்சமானபோது பிற செலவு 14இலிருந்து 18 ஆனது. 20 இலட்சம் கூடுதல் விற்பனைக்கு 4 இலட்சம் கூடுதல் செலவு. எனவே விற்பனையோடு மாறும் பகுதி 20 விழுக்காடு. விற்றாலும் விற்காவிட்டாலும் ஆகும் நிலைச் செலவு மாதம் 6 இலட்சம். மூலப்பொருள் 55 விழுக்காடு. ஆகவே ஒவ்வொரு 100 ரூபாய் விற்பனையிலும் நிலைச் செலவுக்கும் ஆதாயத்துக்குமாக எஞ்சுவது 25 ரூபாய். 6 இலட்சத்தை ஈடுகட்ட 24 இலட்சத்துக்கு விற்கவேண்டும்.

மாதம் 25 வேலை நாள், நாளொன்றுக்கு 1.6 இலட்சம் விற்பனை என்று கொண்டால், முதல் 15 நாள் செலவை ஈடுகட்டவே சரியாகிவிடும். எஞ்சிய 10 நாள்தான் ஆதாயம் தருபவை. இதைப் பலகையில் எழுதிவைத்த முதலாளிக்கு, எந்திரம் பழுதாகி இரண்டு நாள் நின்றால் என்ன இழப்பு என்பது யாரும் சொல்லாமலே விளங்கும். வாங்குபவர் 5 விழுக்காடு தள்ளுபடி கேட்டால் என்ன பொருள் என்பதும் விளங்கும். 40 இலட்சத்தில் 2 இலட்சம் போகும், செலவு குறையாது, 4 இலட்ச ஆதாயம் பாதியாகும்.

4. சரக்கிருப்பு நாள்கள். கிடங்கில் உள்ள பொருள் எத்தனை நாள் பயன்பாட்டுக்குப் போதுமானது? மொத்தத்தோடு, ஆறு மாதமாக அசையாத பொருளின் மதிப்பைத் தனியே எழுதுங்கள். மாற்றப்பட்ட வடிவமைப்பின் மிச்சங்களும், "விலை குறைவாக இருந்தது" என்று வாங்கிக் குவித்தவையும் அங்கே தெரியும். அவை ஏட்டில் சொத்து, கிடங்கில் தூசு.

5. வங்கி வரம்பில் எஞ்சியிருப்பது. ரொக்கக் கடன் கணக்கில் அனுமதித்த வரம்பு, நடப்பு மாதத்தின் எடுப்பு வரம்பு, பயன்படுத்தியது, எஞ்சியது. இதுபற்றிப் பின்னர் விரிவாகக் காண்போம்.

6. முதல் மூன்று வாடிக்கையாளர்களின் பங்கு. மொத்த விற்பனையில் ஒரே வாடிக்கையாளர் பாதிக்கு மேல் வைத்திருந்தால், அவருடைய கொள்முதல் துறை எடுக்கும் முடிவே உங்கள் தொழிலின் முடிவு. இந்த எண்ணை மாதம் ஒருமுறை பார்த்தால் போதும், பார்க்காமல் விடலாகாது.

தவணைக் கடன் பெற்றிருப்போர் ஏழாவதாக ஒன்றைச் சேர்த்துக்கொள்ளலாம். நிகர ஆதாயம், தேய்மானம், தவணைக் கடனின் வட்டி மூன்றையும் கூட்டி, செலுத்தவேண்டிய அசலும் வட்டியும் சேர்ந்த தொகையால் வகுத்தால், கடனடைப்புத் திறன் விகிதம் கிடைக்கும். 1க்குக் கீழே போனால், தொழில் தன் வருமானத்தால் தவணை கட்டவில்லை என்று பொருள்.

எடுப்பு வரம்பு: பலருக்கும் புரியாத எண்

"எனக்கு 1 கோடியே 25 இலட்சம் வரம்பு இருக்கிறது, ஆனால் காசோலை திரும்பிவிட்டது" என்ற முறையீடு கிளைகளில் எழுவதுண்டு. அனுமதித்த வரம்பு வேறு, எடுப்பு வரம்பு வேறு. இரண்டில் குறைந்ததையே எடுக்கமுடியும். மாதந்தோறும் நீங்கள் அளிக்கும் சரக்கிருப்பு அறிக்கையிலிருந்து எடுப்பு வரம்பு கணக்கிடப்படுகிறது.

நம் பட்டறையையே எடுத்துக்கொள்வோம். சரக்கிருப்பு 49.5 இலட்சம். அதில் இன்னும் பணம் கொடுக்கப்படாத கொள்முதல் 33 இலட்சம். எஞ்சுவது 16.5 இலட்சம். விளிம்புத் தொகை 25 விழுக்காடு என்று கொண்டால் 12.4 இலட்சம் கிடைக்கும். வரவேண்டிய தொகை 180 இலட்சம். அதற்கு விளிம்பு 40 விழுக்காடு என்று கொண்டால் 108 இலட்சம். மொத்த எடுப்பு வரம்பு 120.4 இலட்சம். (விளிம்பு விழுக்காடு ஒவ்வொரு கடனுக்கும் மாறும், உங்கள் அனுமதிக் கடிதத்தில் அது இருக்கும்.)

90 நாளைக் கடந்த பாக்கியை வங்கிகள் பெரும்பாலும் இக்கணக்கில் சேர்ப்பதில்லை. நம் பட்டறையின் 180 இலட்சத்தில் 30 இலட்சம் 90 நாளைத் தாண்டிவிட்டால், எடுப்பு வரம்பு 18 இலட்சம் குறைந்து 102.4 இலட்சமாகும். தாமதிக்கும் வாடிக்கையாளர் இருமுறை அடிக்கிறார்: அவர் தரவேண்டிய பணம் வரவில்லை, அதற்கு ஈடாக வங்கியில் எடுத்துவந்த பணத்தையும் எடுக்கமுடியவில்லை. இரண்டும் ஒரே வாரத்தில் நிகழும். அதனால்தான் மேலே இரண்டாம் அளவீட்டில், 46 முதல் 90 நாள் வரையுள்ள கட்டத்தை ஊன்றிப் பார்க்கவேண்டும். 75ஆம் நாள் செய்யும் ஒரு தொலைபேசி அழைப்பின் பயன், 95ஆம் நாள் செய்வதில் இல்லை.

இதில் இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. ரிசர்வ் வங்கியின் விதிகளின்படி, ரொக்கக் கடன் கணக்கில் நிலுவை, அனுமதித்த வரம்பையோ எடுப்பு வரம்பையோ 30 நாளுக்கு மேல் தொடர்ந்து மீறி நின்றால், அக்கணக்கு சிறப்புக் கவனிப்புக்குரியதாக வகைப்படுத்தப்படும். 90 நாளைக் கடந்தால் அது செயல்படாச் சொத்து. சரக்கிருப்பு அறிக்கை மூன்று மாதத்துக்கு மேல் பழையதாகிவிட்டால், அதை வைத்துக் கணக்கிட்ட எடுப்பும் ஒழுங்கற்றதாகவே கருதப்படும். தொழில் நன்றாக நடந்துகொண்டிருக்கையிலேயே, அறிக்கை தராத ஒரே காரணத்தால் கணக்கு கெடலாம். அறிக்கை தரவேண்டிய நாளையும் பலகையில் குறித்துவையுங்கள்.

45 நாள்: சட்டம் தரும் உரிமை

குறு, சிறு, நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டம் 2006, இந்த எண்களோடு நேரடியாகத் தொடர்புடையது. குறு அல்லது சிறு நிறுவனத்திடம் பொருளோ சேவையோ பெற்றவர், எழுத்து மூலமான ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்குள் பணம் தரவேண்டும். ஒப்பந்தம் இல்லையேல் 15 நாளுக்குள் தரவேண்டும். தவறினால், ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி வீதத்தைப்போல் மூன்று மடங்கு வட்டி, மாதந்தோறும் கூட்டு வட்டியாக ஏறும். 2023ஆம் ஆண்டின் நிதிச் சட்டம் கொண்டுவந்த மாற்றத்தின்படி, இந்தக் கெடுவுக்குள் தராத தொகையை, உண்மையில் செலுத்தும் ஆண்டில்தான் வாங்குபவர் தம் வருமான வரிக் கணக்கில் செலவாகக் காட்டமுடியும்.

இந்த உரிமையின் மதிப்பு என்ன? நம் பட்டறைக்கு 90 நாளுக்குப் பதில் 45 நாளில் பணம் வந்தால், மாத விற்பனை 60 இலட்சமான பின்பும் வரவேண்டிய தொகை 90 இலட்சமே. அது விற்பனை வளருமுன் இருந்த 120 இலட்சத்தினும் குறைவு. வளர்ச்சியால் தோன்றிய பள்ளம் முழுவதும் மறைந்துவிடும்.

பெரிய வாடிக்கையாளரிடம் சட்டத்தைச் சுட்டிப் பேசச் சிறு நிறுவனங்கள் தயங்குவது இயல்பே. அடுத்த ஆர்டர் போய்விடுமோ என்ற அச்சம் உண்மையானது. ஆனால் வழக்குக்கும் வாய்மூடலுக்கும் இடையே படிகள் உண்டு. உத்யம் பதிவு எண்ணை ஒவ்வொரு விலைப்பட்டியலிலும் அச்சிடுவது முதல் படி. வாங்குபவர் 'ட்ரெட்ஸ்' எனப்படும் மின்னணுத் தளங்களில் பதிந்திருக்கிறாரா என்று பார்ப்பது அடுத்தது. அவர் ஏற்றுக்கொண்ட விலைப்பட்டியலை அங்கே வங்கிகளும் நிதி நிறுவனங்களும் போட்டியிட்டுத் தள்ளுபடி செய்து, பணத்தை உடனே தரும். பின்னாளில் வாங்குபவர் தவறினாலும், அப்பணத்தை விற்றவரிடம் திரும்பக் கேட்பதில்லை. இவ்விரண்டும் பயன்தராதபோது, இதற்கென ஒன்றிய அரசு நடத்தும் இணையதளம் வழியாக முறையிடலாம். இவற்றுள் எந்தப் படியை எந்த நாளில் எடுப்பது என்பதை, வரவேண்டிய தொகையின் வயதுக் கட்டங்களுக்கு எதிரே முன்னரே எழுதிவைப்பது நலம்.

எண்கள் எங்கிருந்து வரும்?

இதற்கெனத் தனி மென்பொருள் வாங்கவேண்டியதில்லை. பெரும்பாலான நிறுவனங்கள் பயன்படுத்தும் டேலி போன்ற கணக்கு மென்பொருளிலேயே வயதுவாரிப் பாக்கிப் பட்டியலும் சரக்கிருப்புப் பட்டியலும் உள்ளன. வங்கிக் கணக்கு விவரத்தை இணைய வங்கிச் சேவையிலிருந்து எக்செல் கோப்பாக எடுக்கலாம். உங்களுக்குப் பொருள் தந்தவர்கள் ஜிஎஸ்டிஆர்-1இல் காட்டிய வரி உங்கள் கணக்கில் வந்திருக்கிறதா என்பதை, மாதத்தின் 14ஆம் நாள் உருவாகும் ஜிஎஸ்டிஆர்-2பி காட்டும். அதில் வராத உள்ளீட்டு வரி வரவு, 20ஆம் நாள் உங்கள் கைக்காசாகப் போகும். ஆகவே 14க்கும் 20க்கும் இடைப்பட்ட நாள்களில் அதை ஒப்பிட்டுப் பார்ப்பது பணத்தைக் காக்கும் செயல்.

இவையெல்லாம் ஓர் எக்செல் தாளின் ஒரே பக்கத்தில் அடங்கும். கணினி வேண்டாமென்றால், அலுவலகச் சுவரில் ஒரு வெள்ளைப் பலகையும் போதும்.

பலகை பொய் சொல்லும் இடங்கள்

நிதிநிலைப் பலகை தானாக நன்மை செய்துவிடாது. அது தவறான நம்பிக்கை ஊட்டும் வழிகளும் உண்டு.

வங்கியிலுள்ள இருப்பு முழுவதையும் தம் பணமாக எண்ணுவது முதல் தவறு. அதில் 20ஆம் நாள் கட்டவேண்டிய வரியும், ஊழியர் சம்பளத்தில் பிடித்த வைப்பு நிதியும் கலந்திருக்கும். அவற்றைக் கழித்தபின் எஞ்சுவதையே பலகையில் இருப்பாக எழுதவேண்டும்.

வீட்டுச் செலவையும் தொழில் செலவையும் ஒரே கணக்கில் நடத்துவது இரண்டாவது. மகளின் கல்லூரிக் கட்டணம் ஒரு மாதம், உறவினர் திருமணம் ஒரு மாதம் என்று தொழில் கணக்கிலிருந்து போனால், எந்த அளவீடும் பொருள் தராது. உரிமையாளர் தமக்கென மாதம் ஒரு தொகையை நிர்ணயித்து, அதைச் சம்பளம்போல் எடுத்துக்கொள்வது நல்லது.

மூன்றாவது, இனிய எண்களை மட்டும் பலகையில் வைப்பது. விற்பனை வளர்ச்சிப் படம் பெரிதாக இருக்கும். திரும்பி வந்த பொருளின் மதிப்பு எங்கும் இராது. எந்த எண்ணைப் பார்க்க நமக்கு விருப்பமில்லையோ, அதுவே பலகையில் இருக்கவேண்டிய எண்.

நான்காவது, எண்ணைத் திருத்துவது. விற்பனை இலக்கை வைத்து ஊக்கத்தொகை கொடுத்தால், மாத இறுதியில் 120 நாள் கடனுக்கும் பொருள் போய்விடும். இலக்கை வசூலோடு இணைத்தால் இது குறையும். வங்கிக்குத் தரும் சரக்கிருப்பு அறிக்கையை உயர்த்திக் காட்டும் பழக்கமும் இதே வகை. எடுப்பு வரம்பு சில நாள் கூடும். ஜிஎஸ்டி விவரங்களோடு ஒப்பிடும்போது அது வெளிப்படும். பல ஆண்டுகள் சேர்த்த நம்பிக்கை ஒரு தணிக்கையில் போய்விடும்.

திங்கட்கிழமை அரை மணி நேரம்

பலகையின் பயன் அதைப் பார்க்கும் ஒழுங்கில்தான் இருக்கிறது. வாரத்தில் ஒரு நாள், குறித்த நேரம், அரை மணி போதும். உரிமையாளர், கணக்காளர், உற்பத்தியைக் கவனிப்பவர் மூவரும் உட்காரவேண்டும். குடும்பத் தொழிலாக இருந்தால், பொறுப்பில் பங்குள்ள மனைவியோ மகனோ மகளோ உடனிருப்பது பெரிதும் நன்று. உரிமையாளரின் தலைக்குள் மட்டும் கணக்கு இருந்து, அவர் திடீரென மருத்துவமனையில் சேர நேர்ந்தால், யாரிடமிருந்து எவ்வளவு வரவேண்டும் என்று தெரியாமல் திகைக்கும் குடும்பங்கள் உண்டு. எழுதிவைத்த பலகை அவர்களுக்கும் காப்பு.

ஒவ்வொரு எண்ணுக்கும் மூன்று கேள்விகள்: எதிர்பார்த்தது என்ன? நடந்தது என்ன? யார், எந்த நாளுக்குள், என்ன செய்யப்போகிறார்? மூன்றாவது கேள்விக்கு விடை எழுதாமல் எழுந்துவிட்டால் அந்த அரை மணி நேரம் வீண். எல்லையையும் முன்கூட்டியே வகுத்துக்கொள்ளுங்கள். எடுத்துக்காட்டாக, "13 வாரங்களுள் எந்த வாரத்திலாவது இறுதி இருப்பு ஒரு மாதச் சம்பளத் தொகைக்குக் கீழே போகுமென்று தெரிந்தால், அன்றே வங்கிக் கிளையோடு பேசுவது" என்று எழுதிவைக்கலாம். நெருக்கடி வரும்போது எடுக்கும் முடிவினும், அமைதியான நாளில் எழுதிவைத்த முடிவு தெளிவாக இருக்கும்.

தொடங்குவதற்கு ஆண்டுப் பிறப்போ புதிய நிதியாண்டோ வரக் காத்திருக்கவேண்டாம். முதல் வாரம் ஒரே ஒரு அளவீடு போதும்: 13 வார ரொக்க ஓட்டம். முதல் மதிப்பீடு தவறாகவே இருக்கும். நான்கைந்து வாரங்களில் உங்கள் கணிப்பு திருந்தும். பிறகு பாக்கியின் வயதைச் சேருங்கள். ஒரு காலாண்டுக்குள் ஆறும் நிறைந்துவிடும். அடுத்த முறை கடன் புதுப்பிப்புக்காகக் கிளைக்கு வரும்போது அந்த ஒற்றைப் பக்கத்தையும் உடன் கொண்டுவாருங்கள். "பணம் எங்கே?" என்ற கேள்விக்கு, எந்த வாடிக்கையாளரிடம் எத்தனை நாளாக, எந்தக் கிடங்கில் எந்த வடிவில், எந்த வாரத்தில் திரும்பிவரும் என்று அது விடை சொல்லும்.